நாமம் போட்ட கல்

தனம் கல் கழுவப் போனது சுக்காம்பட்டுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனவர்களை ஊர் பார்த்திருக்கிறது. காலையில் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல் கழுவப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? முதல் ஆளாகச் சிரித்தவன் அவள் புருசன் பாண்டுரங்கன்.

“இன்னாடி, கல்லு அழுக்கா கீதாமா? சோப்பு போடுவியா, சீயக்கா போடுவியா?”

“உன் முதுகத் தேய்க்கிறத விட அது சுளுவுதான் போய்யா” என்றாள் தனம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தெற்கே ஏரிக்கரை மேல் ஒரு மைல் நடந்தால் சுக்காம்பட்டு. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆவணியில் அந்த ஊர் மேட்டுக்கொல்லைக்கு ஒரு போர் வண்டி வந்து நின்றது. தண்ணீருக்குத்தான் என்று நினைத்து ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். அது வேறு மாதிரி வண்டி. பாறையைத் தூளாக்காமல், சுற்றிலும் அறுத்து, முழங்கை நீளக் கரும்புத் துண்டுபோல உருளை உருளையாக மேலே கொண்டுவந்தது. அந்த உருளைகளை வரிசை குலையாமல் அடுக்க மரப்பெட்டிகள் வந்தன. பெட்டிகளை வைக்க, மாடு செத்ததிலிருந்து சும்மா கிடந்த தனத்தின் கொட்டாயைக் கேட்டார்கள். கொட்டாயோடு சேர்த்து அவளையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

வண்டி மேஸ்திரி சவுரிராயன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து ஆள். கழுத்தில் ஜெபமாலை, வாயில் எப்போதும் வெற்றிலை. முதல் நாளே தனத்தை உட்காரவைத்துச் சொன்னார்.

“இத பாரு தங்கச்சி. மொதல்ல வந்த கல்லு மொதல்ல. மேல்பக்கம் மேல, கீழ்பக்கம் கீழ. ஒவ்வொரு தபா இழுத்ததுக்கும் கடைசில ஒரு மரக்கட்ட வப்பேன். அதுல எத்தினி மீட்டருன்னு எழுதியிருக்கும். ஒரு துண்ட மாத்தி வச்சாலும் கத முடிஞ்சிது. பூமியவே தப்பாப் படிச்சிடுவாங்க.”

“படிக்கிறதுக்கு இதுல இன்னாண்ணே இருக்குது?”

“எனக்கின்னாத் தெரியும்? அந்தப் பொண்ணு படிக்கும். நான் தோண்டுறதோட சரி.”

அந்தப் பொண்ணு என்றது காயத்ரியை. வளவனூர்க்காரி. பாறையைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படித்தவள். தொப்பி போட்டுக்கொண்டு, பூட்ஸ் காலோடு கொல்லையெல்லாம் நடப்பாள், பசித்தால் கொட்டாய்க்கு வந்து, “அக்கா, கூழ் இருக்குதா?” என்று உரிமையோடு கேட்பாள். தனத்துக்கு அவளைப் பார்த்தால் ஒலக்கூரில் கட்டிக்கொடுத்த தன் மகள் கலைப்பிரியா நினைவு வரும்.

கல் கழுவுவது கைக்கு வந்துவிட்டது. மேலே செம்மண். அதன்கீழ் கைபட்டாலே உதிரும் மணல்கல். அதற்குத் தனம் புட்டுமாவு என்று பெயர் வைத்திருந்தாள். நாற்பது மீட்டருக்குமேல் போனதும் கரும்பச்சையாக, வழவழவென்று, சோப்புக்கட்டிபோல ஒரு கல் வர ஆரம்பித்தது. நாள் கணக்கில் அதுவே வந்தது.

“இதுதான்கா நாங்க தேடிக்கினு வந்தது” என்றாள் காயத்ரி. “களிமண்ணு இறுகி இறுகி கல்லாயிருக்குது. இதுதான் மூடி.”

“எதுக்கு மூடி?”

“ஃபேக்டரிங்கள்ல புகையா போவுதில்ல, அதுல ஒரு வாயு இருக்குது. ஊரெல்லாம் சூடாவுறது அதனாலதான். அதப் புடிச்சி இந்தக் கல்லுக்குக் கீழ ஏத்தி வச்சிட்டா, மேல வராம இது தாங்குதான்னு பாக்கணும். இங்க கொஞ்சமாத்தான் ஏத்துவோம். மூடி எப்படி மூடுதுன்னு தெரிஞ்சா போதும்.”

“மூடி நல்லா இருந்தா எத்தினி நாளு நிக்கும்?”

“ஆயிரம் வருசம்கூட நிக்கும்.”

“நல்லா இல்லன்னா?”

காயத்ரி கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். “மேலேர்ந்து கீழ ஒரு கோடு ஓடுச்சின்னா போதும்கா, வாயு அது வழியா மேல வந்துடும். குறுக்கால கோடு இருந்தா பரவால்ல. நெட்டுக்குத்தா இருக்கக் கூடாது. அப்பிடி எதாச்சும் கண்ணுல பட்டா உடனே எனக்குச் சொல்லுங்க.”

சொன்னது தனத்தின் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, நெட்டுக்குத்துக் கோடு என்ன கோலத்தில் வந்து நிற்கும் என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பாண்டுரங்கன் வீட்டுக்குப் பெருமாள்தான் குலசாமி. அந்த மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு, சொம்பு தூக்கி, நாலு தெரு கோவிந்தா போட்டு அரிசி வாங்கி வந்து தளிகை போடுவார்கள். தனமும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். காயத்ரி சென்னைக்குப் போயிருந்தாள். சவுரிராயன் கொண்டுவந்து கொட்டிய துண்டுகளில் ஒன்றைச் சேறு போகத் தேய்த்தபோது, தனத்தின் கை நின்றுவிட்டது.

ஒரு சாண் நீளக் கரும்பச்சைக் கல். அதன் நெற்றியில் நெட்டுக்குத்தாக இரண்டு வெள்ளைக் கோடு. நடுவில் துருச்சிவப்பாக ஒரு கோடு. மேலேயிருந்து கீழ்வரைக்கும், யாரோ உட்கார்ந்து தீட்டினமாதிரி.

“கோவிந்தா” என்றாள், வாய்க்குள்ளேயே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில், இத்தனை இருட்டுக்குள், நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தன் கையில் வந்து குளித்தாரே என்று நினைத்தாள். காயத்ரி சொன்னது அந்த நேரத்தில் துளிகூட ஞாபகத்தில் இல்லை. கல்லை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பெட்டியில் விழுந்த இடைவெளியை, கீழ்த் துண்டுகளை மேலே தள்ளி மூடினாள்.

சாயங்காலம் சவுரிராயன் அளந்து பார்த்துவிட்டு, “ஒரு சாணு குறையுது. களிமண்ணுதான, தண்ணில கரைஞ்சி போயிருக்கும்” என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார். இப்படியாகச் சுக்காம்பட்டுத் தனம் அத்தனை படித்தவர்களுக்கும் ஒரேயடியாக நாமம் போட்டாள், தெரியாமலே.

பாண்டுரங்கன் கல்லைப் பார்த்ததும் அப்படியே விழுந்து கும்பிட்டான்.

“எங்கடி கெடைச்சாரு?”

“வேணாம்னு கழிச்சிப் போட்ட கல்லுங்கள்ல இருந்தாரு” என்றாள். திருடினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“பூமிக்குள்ள இருந்தவரு. ஊட்ல வச்சா தாங்காதுடி” என்று சொல்லி, கொல்லைக் கிணற்றில் ஐந்தாவது படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாடம் குடைந்து கல்லை அதில் வைத்தான். அந்தக் கிணறு அவனுக்கும் பங்காளி மாசிலாமணிக்கும் பொது. நாற்பது அடி ஆழம். சுவரை ஒட்டிக் கருங்கல் பலகைகளைப் படியாக நீட்டி வைத்திருக்கும். மாசிலாமணி ஒரு சேதியை நேராகச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அவர் வாயில் புகுந்து புறப்பட்டபோது, பெருமாள் கிணற்றுக்குள்ளிருந்தே தானாக எழுந்து வந்தவராகிவிட்டார். சனிக்கிழமைதோறும் ஜனம் வர ஆரம்பித்தது. கிணற்றுப் பெருமாளுக்குப் பாலும் தண்ணீரும் அபிசேகம் நடந்தது.

தை பிறந்ததும் மேட்டுக்கொல்லைக்கு டேங்கர் லாரிகள் வந்தன. குழாய் மாட்டுகிற இடத்தில் வெயிலிலும் பனி படர்ந்து வெள்ளையாகப் புகைந்தது. பதினைந்து நாள் வாயுவை உள்ளே ஏற்றினார்கள். சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. லாரிகள் போய்விட்டன. இது முதல் தவணைதான், ஆனியில் இதைப்போல பத்து மடங்கு ஏற்றப்போகிறோம் என்று காயத்ரி சொன்னாள்.

மாசியில் முதலில் தவளைச் சத்தம் நின்றது. அதைக் கவனித்தவள் தனம் மட்டும்தான். காலையில் மோட்டார் போடப் போனால், கிணற்றுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. உலை கொதிக்கப் போகும்போது சட்டியின் அடியில் கேட்குமே, அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தால் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது. சுவரோரமாகப் பொடிப்பொடியாகக் குமிழி ஏறி வந்துகொண்டிருந்தது. தண்ணீரை வாயில் விட்டால் நாக்கில் சுருக்கென்று சோடா மாதிரி குத்தியது. கிணற்றுக்குமேல் சாய்ந்த ஈச்சமரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளில், மேலே இருந்தவற்றில் குருவி இருந்தது. கிணற்றுக்குள் தாழத் தொங்கிய இரண்டும் வெறுமையாக ஆடின. ஒருநாள் பாண்டுரங்கன் ஒரு கூட்டை எடுத்து உதறினான். மூன்று குஞ்சுகள் கண்ணை மூடித் தூங்கினமாதிரி செத்துக் கிடந்தன.

மாடத்து விளக்கும் சரியாக எரியவில்லை. வெயில் அடிக்கிற நாளில் எரியும். மப்புப் போட்டு, இலை அசையாத நாளில், ஏற்றின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குனிந்து குனிந்து அணைந்துவிடும். காற்றடித்து அணைகிற விளக்கு படபடக்கும். இது அப்படி இல்லை, யாரோ பக்கத்தில் வந்து நிதானமாக உறிஞ்சிக்கொண்டமாதிரி அணைந்தது.

“பெருமாளு மூச்சு உடுறாரு” என்றார் மாசிலாமணி. “உள்ள எறங்கி நின்னா தெரியுது. நெஞ்சு பட்டு பட்டுன்னு அடிச்சிக்குது, தல கிர்ருங்குது. சாமி சும்மாவா?”

அந்த வாரம் காயத்ரி கையில் ஒரு சின்ன மெசினோடு கொல்லைகளைச் சுற்றி வந்தாள். எல்லா இடத்திலும் சும்மா இருந்த மெசின், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நின்றபோது ஒரு தடவை கீச்சென்றது. உள்ளே இறக்கிப் பார்க்கணும் என்றாள். பாண்டுரங்கன் குறுக்கே நின்றுவிட்டான்.

“பூட்சு காலோட சாமி கிட்ட போவாதம்மா. அந்த மிசினும் உள்ள வேணாம். கோவிச்சிக்காத.”

காயத்ரி கொட்டாய்க்கு வந்து உட்கார்ந்தாள். முகம் நன்றாக இல்லை.

“அக்கா, அந்த வாயு காத்த விடக் கனம். தண்ணி மாதிரி பள்ளத்துல போய் நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசன கெடையாது. வெளக்கு அணையுதுன்னா அங்க ஆளு நிக்கக் கூடாது. ஆனா எப்பிடி வரும்? எல்லாப் பெட்டியும் பாத்துட்டேன். மூடியில ஒரு கீறல் இல்ல.”

தனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நெட்டுக்குத்தாக ஒரு கோடு. எங்கே போய்விட்டது புத்தி என்று இருந்தது. கீறல் இல்லாமல் என்ன, கீறலுக்குத்தான் ஐந்து மாதமாகக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். திருடி என்று பெயர் வரும் என்பதைவிட, பாண்டுரங்கன் முகத்தில் விழிப்பது எப்படி என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அன்று மத்தியானம் அவன் எண்ணெய் ஆட்ட மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தான். இவள் முறத்தில் சேர்த்த வேர்க்கடலைப் பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“எண்ணைக்குன்னு சொன்னா தின்னுட்டே கீறியே” என்றாள்.

“உன் வாயப் பாத்தா எனக்குப் பசிக்குதுடி, நான் இன்னா பண்ணட்டும்?”

“ந்தா, ஒண்ணு கேக்குறேன். அந்தக் கல்ல கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துட்டா இன்னா?”

அவன் சிரிப்பு நின்றது. “வந்த சாமியத் தொரத்துறியா? அவரு வந்தப்பறந்தான்டி இந்த ஊர்ல என்ன ஒரு மனுசனா மதிக்கிறானுங்க. மாசிலாமணி கூட எழுந்து நிக்கிறான்.” பிறகு அவள் தோளில் இடித்து, “உன்னாலதான் வந்தாரு. உனுக்குத்தான் மொத மரியாத” என்றான்.

தனம் முறத்தை எடுத்துப் புடைத்தாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினாள். அப்படியே சித்திரை வந்துவிட்டது.

மல்லாட்டை பிடுங்குகிற நாள். விடிந்ததிலிருந்து மப்பு. ஒரு இலை அசையவில்லை. வேர்வை வழிந்தபடி இருந்தது. தனம் ஏழெட்டுப் பெண்களோடு குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, மாசிலாமணி வரப்பு மேல் ஓடிவந்தார்.

“மோசம் போச்சி தனம். சாமி ரெண்டா பொளந்து பூட்டாரு.”

பாலும் தண்ணீரும் பட்டுப் பட்டுக் காய்ந்த களிமண் கல், சித்திரைச் சூட்டில் நாமத்தோடு சரிபாதியாக வாய் பிளந்துவிட்டது.

“அவரு எங்க?” என்றாள்.

“பின்னமான சாமிய மேல வச்சிருக்கலாமா? தண்ணில உடணும். ஏரி காஞ்சி கெடக்குது, மரக்காணத்துக் கடலுக்குக் கொண்டும் போலாம்னேன். எங்க இருந்தாரோ அங்கியே உடறேன்னு கெணத்துல எறங்கிக்கினு கீறான்.”

தனம் ஓடினாள். கையில் பிடுங்கின செடி அப்படியே இருந்தது.

கிணற்று விளிம்பில் போய் விழுந்து பார்த்தாள். பாண்டுரங்கன் ஒன்பதாவது படியில் இருந்தான். மாடத்து விளக்கு அணைந்திருந்தது. இடது கையில் துணியில் சுற்றின கல். ஈரத்துண்டு கட்டின முதுகு ஏறி ஏறி இறங்கியது. நாய் ஓடிவந்து இரைக்கிறமாதிரி மூச்சு வாங்கினான். கீழே தண்ணீர் கொதிக்காமல் கொதித்துக்கொண்டிருந்தது.

“ந்தாய்யா, மேல வா! ஜல்தி வா! அது கெட்ட காத்து!”

“சும்மா இருடி. சாமி காரியம்.”

“அது சாமி இல்லய்யா! விரிசலு! நான்தான் பொட்டியிலேர்ந்து திருடினேன்!”

அவன் அண்ணாந்து பார்த்தான். கண் நிலையாக இல்லை. குடித்தவன்போல ஒரு சிரிப்பு சிரித்தான். “பேஜாரு பண்ணாதடி” என்று சொல்லிவிட்டுப் பத்தாவது படியில் காலை வைத்தான். கால் துழாவிக்கொண்டு போய்த்தான் படியைக் கண்டுபிடித்தது.

இன்னும் இரண்டு படி. அதற்குப் பிறகு அவன் காதில் எதுவும் ஏறாது. இறங்கிப் போய்ப் பிடித்தால் இரண்டு பிணம். பெண்டாட்டி சொன்னால் கேட்காதவன், யார் சொன்னால் கேட்பான் என்று தனம் யோசித்தாளா, யோசிக்கவில்லையா, அவளுக்கே தெரியாது. கொண்டையை அவிழ்த்தாள். எழுந்து நின்றாள்.

“டேய் பாண்டுரங்கா!”

அந்தக் குரல் கிணற்றுச் சுவரில் மோதி, கீழே போய், தண்ணீரைத் தொட்டுத் திரும்பி வந்தது. மாசிலாமணி இரண்டு எட்டு பின்னால் போனார். பிடுங்கின செடிகளோடு ஓடிவந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

“யார்ரா உன்ன எறங்கச் சொன்னது? என் எடத்துல உனுக்கு இன்னாடா வேல? ஏறுடா மேல!”

பாண்டுரங்கன் உடம்பு விறைத்தது. தலைக்குமேல் கை குவித்தான். அப்புறம் ஏறினான். நாலு காலால் ஏறினான். ஆறாவது படியில் முழங்கால் மடங்கியது. அவள் இன்னொரு தடவை கத்தினாள். மூன்றாவது படிக்கு வந்ததும் மாசிலாமணி குப்புறப் படுத்து அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டார். வாந்தி எடுத்தான். தலை வெடிக்கிறது என்று மண்ணில் முட்டிக்கொண்டான். உயிர் இருந்தது. தனம் அவன் மேல் விழுந்து அழுதாள்.

அன்று சாயங்காலமே கல்லின் இரண்டு பாதியையும் கொண்டுபோய்க் காயத்ரியின் கையில் கொடுத்தாள். எல்லாம் சொன்னாள். காயத்ரி திட்டவில்லை. குங்குமத்தைத் துடைத்துவிட்டு, பிளந்த பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுபோனாள். விரல் கல்லைத் தாண்டி வெறும் காற்றில் வந்து நின்றது.

“இது இன்னும் எவ்ளோ தூரம் போவுதோ” என்றாள்.

ஆனிக்கு வரவேண்டிய லாரிகள் வரவில்லை. கல் கைக்குப் போன மறுநாளே கிணற்றைச் சுற்றி முள்கம்பி போட்டு, அபாயம் என்று பலகை அடித்தார்கள்.

“மூடிட முடியாதா?” என்று தனம் கேட்டாள்.

“மேல மூடினா வேற எங்கியாச்சும் வரும்கா. உள்ள போனது வந்துதான் தீரும். ஒரு வருசமோ, அஞ்சு வருசமோ. அதுவரைக்கும் ஒருத்தரும் எறங்காம பாத்துக்கங்க.”

சுக்காம்பட்டில் அது நடக்கிற காரியமா? மறுசனிக்கிழமையே முள்கம்பி பூராவும் மஞ்சள் துணி தொங்கியது. ஒலக்கூரிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. கல் போனால் என்ன, சாமிதான் கிணற்றிலிருந்து வாய் திறந்து பேசிவிட்டாரே. மாசிலாமணி கம்பியை விலக்கிக்கொண்டு, தளிகைத் தட்டோடு முதல் படியில் நின்றார். வானம் மூடிக் கிடந்தது.

தனம் முன்னால் போய் நின்றாள். “சாமியும் வரல, ஒண்ணும் வரல. நான்தான் கத்தினேன். அந்தக் கல்ல திருடினதும் நான்தான். கெட்ட காத்து அடைஞ்சிருக்குது, எறங்காதீங்க மாமா.”

மாசிலாமணி அன்பாகச் சிரித்தார். “அருளு வந்தவளுக்குத் தான் பேசினது எங்கம்மா ஞாபகம் இருக்கும்? சரி, நீயாத்தான் கத்தினன்னே வச்சிக்குவோம். ஐம்பத்தெட்டுல தொறந்து கெடக்குது, ஐம்பத்தெட்டுல தொறந்து கெடக்குதுன்னியே, அது இன்னா கணக்கு?”

“நான் எப்ப சொன்னேன்?”

கூடியிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கை குவித்தார்கள். தனம் அந்த மத்தியானத்தை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏறுடா என்றது ஞாபகம் இருக்கிறது. ஐம்பத்தெட்டு என்ற வார்த்தை தன் வாயில் வந்த ஞாபகம் இல்லை.

மாசிலாமணி இரண்டாவது படியில் காலை வைத்தார். அவருக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்த ஒருத்தி நின்றிருந்தாள்.

தனம் கொண்டையை அவிழ்த்தாள்.

“ஒருத்தனும் எறங்கக் கூடாதுடா! இது என் எடம்! எனுக்குப் பூச மேலதான்!”

அத்தனை பேரும் விழுந்து கும்பிட்டார்கள். மாசிலாமணி தட்டைப் போட்டுவிட்டு ஏறி வந்தார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட யாரும் இறங்கவில்லை. ஏனென்றால் ஒரு சனிக்கிழமைகூடத் தனம் அங்கே வராமல் இருக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த அன்றும் வந்து கத்திவிட்டுப் போனாள்.

அந்த முதல் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கொண்டை போட்டு, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வைத்தாள். பாண்டுரங்கன் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தான். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது.

“இன்னாய்யா அங்கியே நின்னுக்கினு? ஆறிப்போவுது. சாப்புட வா.”

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க மொதல்ல சாப்புடுங்க” என்றான். “அப்பறமா வர்றேங்க.”